மேலிருந்து கீழே படிக்க வேண்டிய மலை

பூமியின் மேலோட்டில் ஏதோ ஓரிடத்தில் ஒரு டன் பாறையை வெட்டியெடுத்துப் பொடியாக்கி, அதிலுள்ள வெள்ளியை ஒரு துளி விடாமல் பிரித்தால் சராசரியாக 0.07 கிராம் தேறும். ஒரு மூக்குத்திக்குக்கூடக் காணாது. வெள்ளிச் சுரங்கம் என்று ஒன்று இருக்க வேண்டுமானால், இந்த அற்ப அளவை இயற்கையே ஆயிரம் மடங்கு, சில இடங்களில் பத்தாயிரம் மடங்கு செறிவாக்கி வைத்திருக்க வேண்டும். அந்தச் செறிவு எந்த ஆழத்தில் நடந்தது, வெள்ளி அங்கே எந்தச் சேர்மமாக நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அதை யார் எடுக்கலாம், எப்படி எடுக்கலாம், எத்தனை காலம் எடுக்கலாம் என்பதெல்லாம் முடிவாகிறது. இதை மிகத் தெளிவாகக் காட்டும் மலை ஒன்று பொலிவியாவில் இருக்கிறது.

தெற்கு பொலிவியாவின் ஆண்டிஸ் உயர்நிலத்தில், கடல்மட்டத்துக்கு 4,000 மீட்டருக்கும் மேலே பொத்தோசி என்ற நகரம் அமைந்திருக்கிறது. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம்தான். நகருக்கு அருகே, மரமில்லாத செம்பழுப்புக் கூம்பாக, ஒரு மலை எழுந்து நிற்கிறது. ஸ்பானியர் அதைச் செல்வ மலை என்ற பொருளில் செரோ ரிக்கோ என்றார்கள். கெச்சுவா பேசும் மக்களுக்கு அது சுமாக் உர்கு, அழகிய மலை. 1545 முதல் இதுவரை அதிலிருந்து வெளிவந்த வெள்ளி 30,000 டன் முதல் 60,000 டன் வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். இன்று நவீன இயந்திரங்களோடு இயங்கும் உலகச் சுரங்கங்கள் அத்தனையும் சேர்ந்து ஓராண்டில் எடுப்பது சுமார் 25,000 டன். பொத்தோசியின் வெள்ளியில் பெரும்பகுதி உளியாலும் சுத்தியலாலும் வெட்டப்பட்டு, மனித முதுகில் ஏறி வெளியே வந்தது.

இந்த மலையின் வரலாற்றை அரசர்களையும் வைசிராய்களையும் வரிசைப்படுத்தி எழுதுவது வழக்கம். எனக்கு அது போதவில்லை. ஏன் முதல் இருபத்தைந்து ஆண்டுகளில் பழங்குடி உலைக்காரர்கள் கையில் இருந்த தொழில் திடீரென்று ஸ்பானியர் கைக்கு மாறியது, ஏன் அரை நூற்றாண்டுக்குப் பிறகு விளைச்சல் சரிந்தது, ஏன் வெள்ளிக்குப் பேர்போன மலை இருபதாம் நூற்றாண்டில் வெள்ளீயச் சுரங்கமாக மாறியது என்ற கேள்விகளுக்கு விடை பாறைக்குள் இருக்கிறது. உச்சியில் தொடங்கிக் கீழே இறங்கினால், கனிமங்கள் அடுக்கப்பட்டிருக்கும் அதே வரிசையில் வரலாறும் நடந்திருப்பதைப் பார்க்கலாம்.

முதலில் மலை உருவான விதம். பசிபிக் கடலடியில் உள்ள நாஸ்கா தட்டு தென்னமெரிக்கக் கண்டத்தின் அடியில் நுழைந்து கொண்டிருக்கிறது. அது ஆழத்தில் சூடேறி நீரை வெளியேற்ற, மேலேயுள்ள பாறை உருகி, பாறைக்குழம்பு எழுகிறது. ஆண்டிஸ் எரிமலைகளின் பிறப்பு இப்படித்தான். பொத்தோசியில் சுமார் 1.38 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்படி மேலே வந்த குழம்பு, நிலத்தடி நீரைச் சந்தித்தது. நீர் நொடியில் ஆவியாகி வெடித்தது. பாறை சிதறி, ஒரு வெடிப்பு வாய் திறந்து, சுற்றிலும் சாம்பல் வளையமாகப் படிந்தது. வெடிப்பு அடங்கிய பின் அதே வாய் வழியாக, சிலிக்கா மிகுந்த, எளிதில் ஓடாத டேசைட் குழம்பு மெல்ல மேலேறி, வெளியே வந்ததும் ஓட முடியாமல் அங்கேயே குவிந்து உறைந்தது. அந்தக் குவியல்தான் செரோ ரிக்கோ. அதன் குறுக்குவெட்டு ஒரு காளானைப் போல இருக்கும். மேலே சுமார் 1,700 மீட்டர் நீளமும் 1,200 மீட்டர் அகலமுமாக விரிந்திருக்கும் டேசைட், 800 மீட்டர் ஆழத்தில் 100 மீட்டருக்கும் குறைவான தண்டாகச் சுருங்கிவிடுகிறது. சுற்றியும் அடியிலும் இருப்பது நாற்பத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கடலடியில் படிந்த சேறு இறுகிய கரிய களிப்பாறை.

குழம்பு உறையும்போது நடப்பதுதான் நமக்கு முக்கியம். ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் படிகமாகும்போது தமக்கு வேண்டாதவற்றை வெளியே தள்ளுகின்றன. நீர், குளோரின், கந்தகம், அவற்றோடு உலோகங்கள். இவை மிஞ்சியிருக்கும் திரவத்தில் சேர்ந்து சேர்ந்து, கடைசியில் கொதிக்கும் உப்புநீராகப் பாறை வெடிப்புகளில் ஏறுகின்றன. வெள்ளி இந்த நீரில் குளோரினோடு பிணைந்து கரைந்து வருகிறது. மேலே வர வர அழுத்தம் குறைகிறது, வெப்பம் தணிகிறது, நீர் கொதித்துப் பிரிகிறது, நிலத்தடி நீர் கலக்கிறது. குளோரினின் பிடி தளர்ந்ததும் வெள்ளி, கந்தகத்தோடும் ஆன்டிமனியோடும் சேர்ந்து வெடிப்பின் சுவரில் படிகிறது. எல்லா உலோகமும் ஒரே இடத்தில் படிவதில்லை. அதிக வெப்பத்திலேயே படிந்துவிடும் வெள்ளீயத் தாதுவான கேசிட்டரைட் மையத்திலும் ஆழத்திலும் நிற்க, வெள்ளி அதையும் தாண்டி மேலேயும் ஓரத்திலும் போய்ப் படிந்தது. காரீயமும் துத்தநாகமும் ஓரங்களில் சேர்ந்தன. வடகிழக்கு நோக்கி ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் இந்தத் தாது நாளங்கள், ஆழத்தில் சிலவாக இருந்து, மேலேறும்போது டேசைட்டுக்குள் பல மெல்லிய கிளைகளாகப் பிரிகின்றன. குழம்பு குவிந்து சில லட்சம் ஆண்டுகளுக்குள் இந்தப் படிவு முழுவதும் முடிந்துவிட்டது. நிலவியல் கணக்கில் அது மிகக் குறுகிய காலம்.

அமில ஆவிகள் உச்சிப் பாறையை அரித்து, சிலிக்காவைத் தவிர மற்றவற்றையெல்லாம் கரைத்துக் கொண்டு போயின. எஞ்சிய சிலிக்கா கெட்டிப்பட்டு மலைக்குக் கடினமான மேல்மூடி ஆயிற்று. சுற்றுவட்டாரம் அரிக்கப்பட்டுத் தாழ்ந்தபோதும் செரோ ரிக்கோ கூம்பாக நிமிர்ந்து நிற்பதற்கு அந்த மூடியே காரணம்.

இதோடு நின்றிருந்தால் பொத்தோசி, ஆண்டிஸில் உள்ள பல நல்ல தாதுப் படிவுகளில் ஒன்றாக இருந்திருக்கும். அதை உலகின் தலையாய வெள்ளி மலையாக்கியது இரண்டாவது செறிவு. அதைச் செய்தவை காற்றும் மழைநீரும். நாளங்களில் வெள்ளியோடு ஏராளமான பைரைட்டும் இருந்தது. இரும்பும் கந்தகமும் சேர்ந்த இந்தக் கனிமத்தின் மேல் காற்றும் ஈரமும் பட்டால் கந்தக அமிலம் பிறக்கும்; இரும்பு துருவாகும். மலையின் செம்பழுப்பு நிறம் அந்தத் துருவின் நிறம். அமிலம் கீழிறங்கும்போது துத்தநாகம் போன்றவற்றைக் கரைத்து எடுத்துச் சென்றது. சல்பைடிலிருந்து விடுபட்ட வெள்ளியோ, வறண்ட நிலத்தின் நீரில் இருந்த குளோரினோடு சேர்ந்து வெள்ளி குளோரைடு ஆனது. அது நீரில் கரையாது. ஆகவே பிறந்த இடத்திலேயே தங்கிற்று. சில இடங்களில் வெள்ளி தனி உலோகமாகவே, கம்பியும் தகடுமாக எஞ்சிற்று. இப்படி மலையின் மேல்பகுதி சில நூறு மீட்டர் ஆழத்துக்குத் துருநிறமான, எளிதில் உடைகிற, வெள்ளி நிறைந்த தாதுவாக மாறியது. சுரங்கக்காரர்கள் அதைப் பாக்கோஸ் என்றார்கள். அதற்குக் கீழே காற்று எட்டாத ஆழத்தில், கந்தகத்தோடு பிணைந்த கரிய தாது அப்படியே கிடந்தது. அதன் பெயர் நெக்ரியோஸ். கேசிட்டரைட்டை அமிலமும் அசைக்காது, காற்றும் அசைக்காது. அது மேலும் கீழும் ஒரே மாதிரி இருந்தது, கேட்பார் இல்லாமல்.

இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிவந்த பாக்கோஸ், கரிய நெக்ரியோஸ், காத்திருக்கும் வெள்ளீயம். இனி வருவது மனிதர்களின் கதை.

பொத்தோசியைக் கண்டுபிடித்தவர் என்று எல்லா நூல்களும் சொல்வது தியேகோ வால்பா என்ற பழங்குடி மனிதரை. ஓடிப்போன லாமாவைத் துரத்திக்கொண்டு மலையேறிய அவர் ஒரு புதரைப் பிடுங்க, வேரில் வெள்ளி மின்னியது என்பது ஒரு கதை. குளிருக்குத் தீ மூட்ட, தரையிலிருந்து வெள்ளி உருகி ஓடியது என்பது இன்னொன்று. உச்சியில் இருந்த வழிபாட்டு இடத்துக்கு அவர் போனதாகச் சொல்லும் குறிப்பும் உண்டு. எனக்கு இந்த மூன்றாவதே நம்பத் தகுந்ததாகப் படுகிறது. புனித இடமாக மக்கள் ஏறிப் போய்வந்த மலையின் பாறை அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது.

இதற்கு வலுவான சான்று ஒரு ஏரியின் அடியில் கிடைத்தது. பொத்தோசிக்கு அருகே உள்ள லோபாதோ ஏரியின் வண்டலை அடுக்கடுக்காக எடுத்து ஆராய்ந்த அறிவியலாளர்கள் 2003-ல் தம் முடிவை வெளியிட்டார்கள். வெள்ளித் தாதுவை உருக்கும்போது புகையோடு வெளியேறும் காரீயம், ஆன்டிமனி, பிஸ்மத் ஆகியவை அந்த வண்டலில் இரு காலங்களில் திடீரென்று உயர்ந்திருந்தன. ஒன்று கி.பி. 1400 முதல் 1650 வரை, இன்காக்களும் தொடர்ந்து ஸ்பானியரும் உருக்கிய காலம். மற்றது கி.பி. 1000 முதல் 1200 வரை. அதாவது ஸ்பானியர் வருவதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே, இன்கா ஆட்சிக்கும் முன்பே, இந்தப் பகுதியில் பெரிய அளவில் வெள்ளி உருக்கியிருக்கிறார்கள். 1545-ல் நடந்தது கண்டுபிடிப்பு என்று இனியும் எழுதுவது சரியில்லை. ஸ்பானிய ஆட்சியின் பதிவேட்டில் மலை ஏறிய ஆண்டு அது.

முதல் இருபத்தைந்து ஆண்டுகள் பாக்கோஸின் மேல்தட்டுக்கு உரியவை. அத்தனை செழிப்பான தாதுவை உருக்கினாலே போதும். அதற்குரிய கருவி பழங்குடி மக்களிடம் ஏற்கெனவே இருந்தது. ஹுவைரா என்ற அந்த உலை, இடுப்பளவோ சற்று அதிகமோ உயரமுள்ள, உடலெங்கும் துளைகள் கொண்ட களிமண் அல்லது கல் உலை. அதை மலைச்சரிவில் காற்று வீசும் முகத்தில் வைப்பார்கள். எரிபொருள் லாமாச் சாணமும் இச்சுப் புல்லும் கரியும். தாதுவோடு காரீயத் தாதுவைச் சேர்ப்பார்கள். உருகிய காரீயம் வெள்ளியை இழுத்துக்கொள்ளும். பிறகு காரீயத்தைக் காற்றில் எரித்து நீக்கினால் வெள்ளி நிற்கும். துருத்தி வைத்த ஐரோப்பிய உலைகளை ஸ்பானியர் முயன்று பார்த்தார்கள். அவை இங்கே சரிவரவில்லை. 1549-ல் இங்கே வந்த சியேசா தெ லேயோன் என்ற எழுத்தாளர், இரவில் மலைச்சரிவெங்கும் எரிந்த உலைகளைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார்.

மலையின் உரிமை ஸ்பானியரிடம் இருந்தது. ஆனால் தாதுவைத் தேர்ந்தெடுக்கும் கண்ணும் உருக்கும் கையும் பழங்குடி மக்களுடையவை. அதனால் வெள்ளியில் கணிசமான பங்கு அவர்களிடமே தங்கிற்று. வென்றவர்கள் தோற்றவர்களிடம் வெள்ளி வாங்க வேண்டியிருந்த காலம் அது. இதைச் சாத்தியமாக்கியது உச்சியிலிருந்த தாதுவின் தரம்.

தரம் குறைந்ததும் எல்லாம் மாறிற்று. 1560-களில் மேல்தட்டு தீர்ந்து, வெள்ளி குறைந்த பாக்கோஸ்தான் மிஞ்சியது. அதை ஹுவைராவில் உருக்கினால் எரிபொருள் செலவுக்கே கட்டாது. குறைந்த தரத் தாதுவிலிருந்து தீயில்லாமல் வெள்ளியைப் பிரிக்க ஒரு வழி வேண்டியிருந்தது. அந்த வழியை 1550-களின் நடுவில் மெக்சிகோவின் பச்சூக்காவில் பார்த்தொலொமே தெ மெதீனா என்ற, ஸ்பெயினின் செவிய்யா நகரத்து வணிகர் நடைமுறைக்குக் கொண்டு வந்திருந்தார். தாதுவை மாவாக அரைத்து, உப்பும் நீரும் பாதரசமும் சேர்த்து மிதித்துப் பிசைந்து வாரக்கணக்கில் விட்டுவிட்டால், பாதரசம் வெள்ளியைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். பிறகு கழுவி, பிழிந்து, சூடாக்கினால் பாதரசம் ஆவியாகி வெள்ளி நிற்கும். செம்பு சல்பேட் கலந்த மஜிஸ்திரால் என்ற பொருளையும் சேர்ப்பார்கள். அது உப்போடு வினைபுரிந்து, கந்தகத்தோடு பிணைந்த வெள்ளியைக் குளோரைடாக மாற்றும்.

பாக்கோஸில் வெள்ளி ஏற்கெனவே குளோரைடாகத்தான் இருந்தது. முறையின் கடினமான பாதி வேலையை மலையே பல லட்சம் ஆண்டுகளாகச் செய்து வைத்திருந்தது. 1572 வாக்கில் வைசிராய் பிரான்சிஸ்கோ தெ தொலேதோவின் முன்னிலையில் பெத்ரோ பெர்னாந்தெஸ் தெ வெலாஸ்கோ பொத்தோசிக்கு இந்த முறையைக் கொண்டுவந்தபோது, உருக்கத் தகுதியில்லை என்று இருபத்தைந்து ஆண்டுகளாகச் சுரங்க வாயில்களில் கொட்டி வைத்திருந்த கழிவு மேடுகள் ஒரே நாளில் செல்வமாயின. உயர்நிலத்தின் குளிரில் வினை மெதுவாக நடந்ததால், தாதுக் குழைவைக் கல் தொட்டிகளில் இட்டு அடியில் தீ மூட்டினார்கள்.

ஆனால் இந்த முறைக்கு மூன்று பொருள்கள் பேரளவில் வேண்டும். பாதரசம், தண்ணீர், மனித உழைப்பு. மூன்றும் பொத்தோசியில் இல்லை.

பாதரசம் இன்றைய பெரு நாட்டின் ஹுவாங்காவெலிக்காவில், 1560-களில் திறக்கப்பட்ட, சின்னபார் என்ற பாதரசத் தாதுவின் சுரங்கத்திலிருந்து வந்தது. லாமாக்களின் முதுகில் கடற்கரைக்கு இறங்கி, கப்பலில் அரிக்கா துறைமுகம் சேர்ந்து, மறுபடி மலையேறிற்று. ஸ்பானிய அரசு பாதரச விற்பனையைத் தன் ஏகபோகமாக வைத்துக்கொண்டது. அது கூர்மையான யோசனை. எவ்வளவு பாதரசம் வாங்கினாய் என்று தெரிந்தால், எவ்வளவு வெள்ளி எடுத்திருப்பாய் என்று கணக்கிட்டு, மன்னருக்குரிய ஐந்தில் ஒரு பங்கைத் தவறாமல் வாங்கலாம். செலவான பாதரசம் எங்கே போயிற்று? சூடாக்கும்போது ஆவியாகி உலைக்காரர்களின் நுரையீரலுக்குள் போனது ஒரு பகுதி. பெரும்பகுதி குளோரினோடு சேர்ந்து கலோமெல் என்ற திடப்பொருளாகி, கழுவு நீரோடு ஆற்றில் கலந்தது.

தண்ணீருக்காக கரி கரி மலைத்தொடரின் பள்ளத்தாக்குகளில் அணைகள் எழுந்தன. 1570-களில் தொடங்கி அடுத்த ஐம்பதாண்டுகளில் ஒன்றோடொன்று கால்வாயால் இணைந்த முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகள் உருவாயின. நகரின் குறுக்கே ஓடிய ரிபேரா என்ற கால்வாயின் இரு கரையிலும் அரைவை ஆலைகள் நின்றன. மழைநீரைத் தேக்கி, ஆண்டு முழுவதும் சக்கரங்களைச் சுழற்றி, கனத்த இடிதலைகளால் தாதுவை நொறுக்கினார்கள். 4,000 மீட்டர் உயரத்தில், அந்தக் காலத்தில், இத்தகைய நீர்ப்பொறியியல் மிக அரிது. 1626 மார்ச் 15 அன்று சான் இல்தெபோன்சோ ஏரியின் கரை உடைந்து, கால்வாய் ஓரத்து ஆலைகளில் பெரும்பகுதியையும் அங்கே வாழ்ந்தவர்களையும் அடித்துக்கொண்டு போயிற்று.

மூன்றாவது தேவையைத் தொலேதோ தீர்த்த விதம் மன்னிக்க முடியாதது. இன்கா அரசில் மக்கள் முறைவைத்துப் பொதுப்பணி செய்யும் மித்தா என்ற வழக்கம் இருந்தது. அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு, குஸ்கோவின் தெற்கிலிருந்து பொத்தோசி வரை பதினாறு மாகாணங்களில் வயதுவந்த ஆண்களில் ஏழில் ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் வந்து உழைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். ஆண்டுக்கு 13,000-க்கும் மேற்பட்டவர்கள், மனைவி மக்களோடும் லாமாக்களோடும் வாரக்கணக்கில், தூரத்து ஊர்க்காரர்கள் மாதக்கணக்கில் நடந்து வந்தார்கள். கொடுத்த கூலி சாப்பாட்டுக்கே போதாது. தோண்டத் தோண்டச் சுரங்கம் ஆழமானது. ஆழத்திலிருந்து தாது மேலே வர வேண்டும். யோசே தெ அகோஸ்தா என்ற யேசு சபைத் துறவி 1590-ல் வெளிவந்த தம் நூலில் அந்த ஏணிகளை விவரிக்கிறார். முறுக்கிய மாட்டுத்தோல் வடங்களுக்கு இடையே மரக்குச்சிகள் கட்டிய ஏணிகள் அவை. முதுகில் தாது மூட்டை, கட்டை விரலில் கட்டிய மெழுகுவர்த்தி. இருட்டில், ஒருவர் பின் ஒருவராக, பனி வீசும் வாயிலை நோக்கி ஏறினார்கள்.

பொத்தோசியில் 80 லட்சம் பேர் இறந்தார்கள் என்று பல நூல்களில் படிக்கலாம். அந்த எண்ணுக்கு ஆவணச் சான்று கிடையாது. கொடுமையைப் புரிந்துகொள்ள அது தேவையும் இல்லை. மித்தாவுக்கு அஞ்சி மக்கள் ஊர்களை விட்டு ஓடியதால் அந்தப் பதினாறு மாகாணங்களின் ஊர்கள் வெறிச்சோடியதை ஸ்பானிய அதிகாரிகளின் சொந்தக் கணக்குகளே காட்டுகின்றன. 1812-ல் ஸ்பெயினின் காதிஸ் நாடாளுமன்றம் சட்டத்தால் ஒழிக்கும் வரை, ஏறத்தாழ 240 ஆண்டுகள், இது நீடித்தது.

பலன் மலைபோல் குவிந்தது. 1592-ல் விளைச்சல் உச்சத்தைத் தொட்டது, ஓராண்டில் ஏறத்தாழ 200 டன் வெள்ளி. 1611-ல் நகரின் மக்கள்தொகை 1,60,000 என்று கணக்கிட்டார்கள். வேளாண்மைக்கு வழியே இல்லாத அந்தக் குளிர்மேட்டில், அன்றைய பெரிய ஐரோப்பிய நகரங்களுக்கு நிகரான ஒரு நகரம். சோளமும் கோக்கா இலையும் துணியும் கோவேறு கழுதைகளும் பல நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து வந்தன. அங்கேயே நாணயமாக அச்சிடப்பட்ட வெள்ளி அரிக்கா, லிமா, பனாமா வழியாக செவிய்யா சென்றது. வரியை வெள்ளியில் வசூலித்த மிங் பேரரசின் சீனாவுக்கு மணிலா வழியாகவும் ஐரோப்பா வழியாகவும் போய்ச் சேர்ந்தது.

நம் கடற்கரைக்கும் வந்தது. பழவேற்காட்டில் டச்சுக்காரரும் தரங்கம்பாடியில் டேனியரும் சென்னையில் ஆங்கிலேயரும் சோழமண்டலத்துத் துணியை வாங்கியபோது, தம் நாட்டுச் சரக்கை வைத்து ஈடுகட்ட முடியவில்லை. பொன்னும் வெள்ளியும் தர வேண்டியிருந்தது. அந்த வெள்ளியில் ஸ்பானிய ரியால் நாணயங்களும் இருந்தன. பொத்தோசி வெள்ளியும் மெக்சிகோ வெள்ளியும் இங்கே ஒன்றாக உருக்கப்பட்டுப் புது நாணயங்களாயின.

1592-க்குப் பிறகு சரிவு. அதற்கு நிர்வாகச் சீர்கேடு, பாதரசத் தட்டுப்பாடு, ஆள் பற்றாக்குறை என்று பல காரணங்களைச் சொல்வார்கள். எல்லாம் உண்மையே. ஆனால் அடிப்படைக் காரணம், தோண்டியவர்கள் பாக்கோஸைக் கடந்து நெக்ரியோஸைத் தொட்டுவிட்டார்கள். இங்கே வெள்ளி, கந்தகத்தோடும் ஆன்டிமனியோடும் இறுகப் பிணைந்திருந்தது. பாதரசம் அதை எளிதில் பிரிக்காது. முன்கூட்டி வறுக்க வேண்டும், விறகு கிடையாது. மேலும் ஆழத்தில் நிலத்தடி நீர் ஊறிற்று. அதை வெளியேற்ற மலையின் அடிப்பக்கத்திலிருந்து கிடைமட்டச் சுரங்கம் குடைய வேண்டும். முன்பு 1556-ல் தொடங்கிய அத்தகைய ஒரு சுரங்கம் நாளத்தைத் தொட 29 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டிய ஒருவரை இங்கே நினைக்காமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை. ஆல்வாரோ அலோன்சோ பார்பா, பொத்தோசியில் பங்குத் தந்தையாக இருந்தவர். தாதுவை உப்போடும் பாதரசத்தோடும் செம்புக் கொப்பரையில் இட்டுக் கொதிக்க வைத்தால் வேலை வாரங்களிலிருந்து மணிகளுக்குச் சுருங்குவதையும், பாதரச இழப்பு குறைவதையும் கண்டார். இன்றைய வேதியியலில் இதன் காரணம் எளிது. குளோரினைக் கொப்பரையின் செம்பு எடுத்துக்கொள்கிறது. பாதரசம் கலோமெல் ஆகாமல் தப்பிக்கிறது. அணு, மூலக்கூறு என்ற நவீன வேதியியல் கருத்துகள் பிறப்பதற்கு வெகு முன்பே, கையாலும் கண்ணாலும் அவர் இதை எட்டினார். 1640-ல் மத்ரித்தில் வெளிவந்த அவருடைய உலோகக் கலை நூல் பல ஐரோப்பிய மொழிகளில் பெயர்க்கப்பட்டது. ஆனால் விலையுயர்ந்த செம்புக் கொப்பரையும் எரிபொருளும் கேட்ட அவர் முறை பொத்தோசியில் பரவவில்லை. 1789-ல் நோர்டன்பிளிக்ட் என்ற பிரபுவின் தலைமையில் வந்த ஐரோப்பிய வல்லுநர் குழு, சுழலும் பீப்பாய்களில் பாதரசக் கலவை செய்ய முயன்று தோற்றது. தொழில்நுட்பத்தைப் பொத்தோசியின் தாதுவுக்கும் உயரத்துக்கும் பொருத்துவது அவர்கள் நினைத்ததைவிடக் கடினம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் விளைச்சல் ஓரளவு மீண்டது. அதில் காஹ்சாக்கள் என்ற மக்களுக்குப் பெரிய பங்குண்டு. சனிக்கிழமை இரவு முதல் திங்கள் காலை வரை, முதலாளிகளின் வேலை நின்றிருக்கும் நேரத்தில், இவர்கள் சுரங்கத்தில் இறங்கித் தாமே தாது வெட்டி, சிறு ஆலைகளில் அரைத்து விற்றார்கள். அதிகாரிகள் இதைத் திருட்டு என்றார்கள். அது பழைய உரிமை என்றார்கள் காஹ்சாக்கள். முதல் இருபத்தைந்து ஆண்டுகளின் வழக்கத்தை நினைத்தால், அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

பிறகு வெள்ளீயத்தின் முறை வந்தது. ஸ்பானியருக்கு அது இருப்பது முதலிலிருந்தே தெரியும். மலையின் நான்கு ஆதி நாளங்களில் ஒன்றுக்கு அவர்கள் வைத்த பெயரே எஸ்தான்யோ, அதாவது வெள்ளீயம். வெள்ளிக்கு முன் அதற்கு மதிப்பில்லாததால் குப்பையில் எறிந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ரயில் பாதையும் தகர டப்பாத் தொழிலும் வந்தபோது, காற்றும் அமிலமும் தொடாத அந்தக் கேசிட்டரைட் அப்படியே காத்திருந்தது. 1952 புரட்சிக்குப் பின் பெரிய சுரங்கங்கள் அரசுடைமையாயின. 1985-ல் உலகச் சந்தையில் வெள்ளீய விலை சரிய, அரசு ஆயிரக்கணக்கான தொழிலாளரை வீட்டுக்கு அனுப்பிற்று. வேலை இழந்தவர்கள் கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்து மறுபடி மலைக்குள் போனார்கள். இன்று அவர்கள் எடுப்பது துத்தநாகமும் காரீயமும் கொஞ்சம் வெள்ளியும் கலந்த தாது. ஐரோப்பியர் தொட விரும்பாத கரிய நெக்ரியோஸின் வாரிசு அது.

இத்தனை நூற்றாண்டு உலைப்புகையும் எங்கும் மறைந்துவிடவில்லை. பெருவின் கெல்க்காயா பனிமுகட்டைத் துளைத்தெடுத்து ஆராய்ந்தவர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், 1540-ஐ ஒட்டிய பனியடுக்கிலிருந்து காரீயம் முதலிய உலோகத் துகள்கள் உயர்வதைக் காட்டினார்கள். பொத்தோசியிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது அந்தப் பனி. தொழிற்புரட்சிக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே மனிதன் ஒரு கண்டத்தின் காற்றை மாசுபடுத்தியதன் பதிவு அது.

மலைக்குள் இன்றும் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்கிறார்கள். கன்னத்தில் கோக்கா இலையை அடக்கிக்கொண்டு, சுரங்கத்துக்குள் இருக்கும் எல் தியோ என்ற சுரங்கத் தெய்வத்தின் உருவத்துக்குச் சிகரெட்டும் சாராயமும் படைத்துவிட்டு உள்ளே போகிறார்கள். சிலிக்கா தூள் நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ் பலரை நடுவயதிலேயே கொல்கிறது. மலையைக் காக்கும் அதே சிலிக்கா, அதைத் தோண்டுபவரைக் கொல்லும் பொருளும் ஆகிறது. கழிவு மேட்டில் தாது பொறுக்கும் பெண்கள், சுரங்க வாயிலில் காவல் இருந்து அங்கேயே குடும்பம் நடத்தும் பெண்கள், பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் உள்ளே இறங்கும் சிறுவர்கள் எல்லாரும் இந்தத் தொழிலைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

ஐந்து நூற்றாண்டுத் தோண்டலால் மலையின் உட்பகுதி துளை மயமாகிவிட்டது. 2011-ல் உச்சியே உள்வாங்கிப் பெரும்பள்ளம் விழுந்தது. 1987-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கிய யுனெஸ்கோ, 2014-ல் பொத்தோசியை ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. 4,400 மீட்டருக்கு மேலே தோண்டக் கூடாது என்று பொலிவிய அரசு விதித்திருக்கிறது, தோண்டல் நிற்கவில்லை. விதியை மீறுபவர்கள் பேராசைக்காரர்கள் என்று தூரத்திலிருந்து சொல்லிவிடலாம். அவர்களுக்குப் பொத்தோசியில் வேறு கூலி வேலை எளிதில் கிடைக்காது. பள்ளத்தைக் கான்கிரீட் போன்ற பொருள்களால் நிரப்பி மட்டும் மலையைக் காக்க முடியாது. கீழ்மட்டத்தில் பாதுகாப்பான வேலையும், நுரையீரல் நோய்க்கு ஓய்வூதியமும், பிள்ளைகளுக்குப் பள்ளியும் முதலில் கிடைக்க வேண்டும். அந்த வெள்ளியால் வளர்ந்த நாடுகளுக்கும் இந்தச் செலவில் பங்கு உண்டு.